நடுவில் நிற்பவர்

மத்தியஸ்தர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஓர் ஆலமரமும், அதன் அடியில் ஒரு கயிற்றுக் கட்டிலும், தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவரும் கண்முன் தோன்றுவது வழக்கம். நம் திரைப்படங்கள் செய்துவைத்த உபகாரம் இது. பெரியவர் மீசையைத் தடவிக்கொள்வார். இரு கட்சியையும் ஒரு பார்வை பார்ப்பார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். கூட்டம் கலைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான உத்தியோகம் உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றும்.

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த உத்தியோகம் ஒரு சிறிய அளவில் எனக்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகு மத்தியஸ்தம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், நிறைய யோசித்தேன். யோசித்ததை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைக் கவனிப்போம். மத்தியஸ்தர் என்றால் மத்தியில் இருப்பவர். தமிழில் நடுவர் என்கிறோம். வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். குறளில் அது பன்னிரண்டாவது அதிகாரம். அங்கே அவர் காட்டும் உவமை துலாக்கோல். இவ்வளவும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் ‘நடு’ என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கோதோலியாக் கடைத்தெருவில் சால்வை வாங்கப் போகிறோம். கடைக்காரர் ஐந்நூறு என்கிறார், நாம் முந்நூறு என்கிறோம், நானூறில் முடிகிறது. அதைத்தான் ‘நடு’ என்று நினைத்துக்கொள்கிறோம். நடுவர் என்றால் இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பவர் என்று ஓர் எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

இதிலே ஓர் ஆபத்து இருக்கிறது. வகுத்துத்தான் தரப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், முந்நூறு கேட்க வேண்டியவன் அறுநூறு கேட்பான். நியாயமாகக் கேட்டவனுக்கு நஷ்டம். அநியாயமாகக் கேட்டவனுக்கு லாபம். பாட்டி சொன்ன கதையில் இரண்டு பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கை நினைத்துப் பாருங்கள். அதுவும் சமபங்கைத்தான் தேடியது! தராசின் இரு தட்டும் சமமாகும் வரை இந்தப் பக்கம் ஒரு கடி, அந்தப் பக்கம் ஒரு கடி. சமம் வந்தது, அப்பம் போயிற்று.

அப்படியானால் உண்மையான நடுவர் எப்படி இருப்பார்? இதற்கு நம் பல்கலைக் கழகத்தோடு தொடர்புள்ள ஒருவரையே உதாரணம் காட்ட முடிகிறது என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

1917ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. ஊரை விட்டுத் தொழிலாளர்கள் ஓடிவிடக் கூடாதே என்று ஆலை முதலாளிகள் நெசவாளர்களுக்குச் சம்பளத்தோடு ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். சிலருக்கு அது சம்பளத்தில் எழுபது, எண்பது சதவிகிதம் வரை இருந்தது. நோய் தணிந்தது, 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போனஸை நிறுத்தினார்கள். ஆனால் உலக யுத்தத்தால் ஏறியிருந்த விலைவாசி இறங்கவில்லை. தொழிலாளர்கள் ஐம்பது சதவிகித உயர்வு வேண்டும் என்றார்கள். முதலாளிகள் இருபதுக்கு மேல் இல்லை என்றார்கள். காந்தியடிகள் கணக்குகளை ஆராய்ந்து, முப்பத்தைந்து நியாயம் என்றார். தொழிலாளர்களும் அதற்கு இறங்கி வந்தார்கள். முதலாளிகளின் தலைவராக நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தத் தமக்கை அனசூயா பென்.

தொடக்கத்தில் ஒரு மத்தியஸ்த சபை அமைத்தார்கள். இருபுறமும் மும்மூவர், தலைமைக்கு ஜில்லா கலெக்டர். அது வேலையைத் தொடங்குவதற்குள்ளேயே குலைந்துவிட்டது. சில ஆலைகளில் தொழிலாளர்கள் அவசரப்பட்டு வேலையை நிறுத்தினார்கள். அதைக் காரணம் காட்டி முதலாளிகள் விலகிக்கொண்டார்கள். பிப்ரவரி 22ஆம் தேதி ஆலைக் கதவுகள் மூடப்பட்டன. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம் நடந்தது. வாரங்கள் சென்றன, வயிறு காய்ந்தது, உறுதி தளர்ந்தது. மார்ச் 15ஆம் தேதி காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். 18ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாட்டைப் பாருங்கள், சுவையானது. முதல் நாள் முப்பத்தைந்து சதவிகிதம். தொழிலாளர்களின் சபதம் நிறைவேறிற்று. இரண்டாம் நாள் இருபது சதவிகிதம். முதலாளிகளின் சபதம் நிறைவேறிற்று. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்புச் சொல்லும் வரையில், இருபத்தேழரை. அதாவது சரியாகப் பாதி!

அந்த நடுவர் யார்? ஆனந்தசங்கர் துருவர் என்ற பேராசிரியர். சம்ஸ்கிருதத்தில் புலமை மிக்கவர். ‘வசந்த்’ என்ற குஜராத்திப் பத்திரிகையின் ஆசிரியர். அவருக்குத் தறி இல்லை. ஆலையில் பங்கும் இல்லை. இரு கட்சியும் அவரை ஏற்றுக்கொண்டன. அவர் மாதக்கணக்கில் விசாரித்து 1918 ஆகஸ்டில் தீர்ப்பு வழங்கினார். எவ்வளவு தெரியுமா? முப்பத்தைந்து சதவிகிதம்.

இந்த இடத்தில்தான் நான் வெகு நேரம் நின்றேன். பாதி என்ற பாதை அவருக்காக ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருந்தது. இருபத்தேழரை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் பெரிய வருத்தம் இராது. அவர் பெயரும் கெடாது. ஆனால் நியாயம் ஓர் ஓரத்தில் இருப்பதாக அவருக்குப் பட்டது. அந்த ஓரத்திற்கே போனார். நடுவில் நிற்க வேண்டியது நடுவர்தானே தவிர, தீர்ப்பும் நடுவில்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இதே துருவர் பின்னர் காசிக்கு வந்தார்; மாளவியாஜி வளர்த்த நம் பல்கலைக் கழகத்தின் இணைத் துணைவேந்தராகப் பணியாற்றினார். சிங்கத்துவாரத்தின் வழியாக நாம் சைக்கிள் மிதித்துப் போகிற இந்தச் சாலைகளில் அவரும் நடந்திருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காந்தியடிகள் நியாயவான், இரு கட்சியாருக்கும் நண்பர். அவரே தீர்ப்புச் சொல்லியிருக்கலாமே? முடியாது. அவர் ஒரு பக்கத்தில் நின்று போராடியவர். அவருடைய உண்ணாவிரதமே தம்மிடம் அன்பு வைத்திருந்த முதலாளிகளை நெருக்கியது என்பதை அவரே தம் சுயசரிதையில் குறையாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கட்சியில் நின்றவர் நடுவராக முடியாது. பெரியவர் வேறு, நடுவர் வேறு.

சரித்திரம் போதும், விளையாட்டுக்கு வாருங்கள். மாலை நேரங்களில் ஆம்பிதியேட்டர் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் நண்பர்களுக்கு இது பிடிக்கும். நெடுங்காலம் வரை டெஸ்ட் பந்தயங்களுக்கு நடுவர்களை ஆட்டம் நடக்கும் நாடே கொடுத்து வந்தது. விருந்தாளி தோற்றால், “பதினொருவரை அல்ல, பதின்மூவரை எதிர்த்து ஆடினோம்” என்று சொல்லிக்கொண்டு கப்பலேறுவான். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவும் ஆடிய பந்தயத்தில் ஒரு புதுமை நடந்தது. பாகிஸ்தான் தலைவர் இம்ரான்கான் வெகுநாளாகக் கேட்டு வந்தபடி மூன்றாம் நாட்டு நடுவர்கள் இருவர் வந்து நின்றார்கள். எந்த நாட்டிலிருந்து? இந்தியாவிலிருந்து! ஒருவர் பிலூ ரிப்போர்ட்டர், மற்றவர் வி. கே. ராமசாமி. (நம் சிரிப்பு நடிகரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர் வேறு.) 1912க்குப் பிறகு டெஸ்ட் கிரிக்கெட்டில் இரு நாட்டையும் சேராத நடுவர்கள் நின்றது அதுவே முதல் தடவை. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு நடுவர் வெளிநாட்டவர் என்றும், 2002 முதல் இருவருமே வெளிநாட்டவர் என்றும் விதி வந்தது. 2020இல் கொரோனாவால் பிரயாணம் தடைப்பட்டபோதுதான் அந்த விதியைச் சிறிது காலம் தளர்த்தினார்கள்.

மூன்றாம் நாட்டு நடுவர் தவறே செய்யமாட்டாரா? தாராளமாகச் செய்வார். காலில் பட்ட பந்தை மட்டையில் பட்டது என்பார். மட்டையில் பட்டதைப் படவில்லை என்பார். ஆனால் அந்தத் தவறில் வஞ்சகம் இருக்குமோ என்று யாரும் தேட வேண்டியதில்லை. ‘கண் தவறிவிட்டது’ என்று தோற்றவன் மனம் ஆறிக்கொள்வான். ‘மனம் தவறிவிட்டது’ என்று தோன்றினால்தான் ஆறாது. தோற்றவன் தலை குனியாமல் வீடு திரும்புவதற்கு வழி செய்வதே நடுவரின் முதல் வேலை. வென்றவனுக்கு நடுவரே தேவையில்லை. அவன் எப்படியும் சிரித்துக்கொண்டுதான் போவான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டில் மத்தியஸ்தத்திற்கென்று 1940இல் ஒரு சட்டம் இருந்தது. இப்போது நடப்பிலிருப்பது 1996ஆம் ஆண்டின் சட்டம். சட்டப் புத்தகம் என்றாலே தூக்கம் வரும் என்பார்கள். இதில் சில விதிகள் தூக்கத்தைக் கலைக்கும். நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது. நடுவராகக் கேட்கப்படுபவர், தமக்கு எந்தக் கட்சியோடாவது ஏதாவது தொடர்பு உண்டானால் அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இரு கட்சியையும் சமமாக நடத்த வேண்டும். இருவருக்கும் தம் வழக்கைச் சொல்ல முழு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். கட்சிகள் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டாலன்றி, தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். 2015இல் செய்த திருத்தத்தில், எந்தெந்த உறவுள்ளவர் நடுவராக அமரவே கூடாது என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். வழக்கின் முடிவில் நன்மை தீமை உள்ள ஒருவர், தனி நடுவரைத் தாமாகவே நியமிக்கவும் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூனைகளில் ஒன்று போய்க் குரங்கை அழைத்துவரக் கூடாது என்று பொருள்!

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றோடு ஒப்பிட்டால் இது எறும்புக்கும் யானைக்கும் உள்ள தூரம். ஆனாலும் எறும்புக்கும் ஆறு கால்கள் உண்டு அல்லவா?

லங்காவில் ஒரு சந்துக்குள் தமிழ் மாணவர்கள் ஏழு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். (இங்கு லங்கா என்பது பல்கலைக் கழக வாசலை ஒட்டிய பேட்டை என்பதை ஊரிலிருந்து இதழைப் படிக்கும் பெற்றோர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன், பிள்ளைகள் கடல் தாண்டிவிடவில்லை.) சமைப்பவர் இந்த ஊர்க்காரர்; எல்லாரும் மகராஜ் என்று அழைப்பார்கள். ரசம் வைக்க அவருக்கு ஆறு மாதத்தில் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். மாதச் செலவு எவ்வளவானாலும் ஏழாக வகுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம்.

சென்ற ஜனவரியில் மூவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மாதத்தில் அவர்கள் இங்கே சாப்பிட்டது பத்தே நாள். மற்ற நால்வரும் பனியில் நடுங்கிக்கொண்டு இங்கேயே இருந்தார்கள். மாதக் கணக்கு வந்தது. வாடகை 14,000 ரூபாய். மகராஜ் சம்பளம் 7,000. அரிசி, பருப்பு, காய்கறி, பால், காஸ் எல்லாம் 11,550. மொத்தம் 32,550. வழக்கப்படி தலைக்கு 4,650 என்றார்கள் இருந்தவர்கள். “வாடகை 2,000 தருகிறோம், தின்ற பத்து நாளுக்கு 750 தருகிறோம். 2,750க்கு மேல் காசு இல்லை. சாப்பிடாத சாப்பாட்டுக்குச் சமையற்காரர் எதற்கு?” என்றார்கள் போனவர்கள். ஒருவர் ‘வழக்கம்’ என்றார்; மற்றவர் ‘நியாயம்’ என்றார். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து ஒன்றும் சொல்லாமலே இருந்தார்கள். அது பேச்சைவிட மோசம். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வரை யாரும் பணம் வைக்கவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு காபி தனித்தனியாகக் கொதித்தது.

நான் விடுதியில் இருப்பவன். அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. இரு கட்சியும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். “அண்ணா, நீங்கள் என்ன சொன்னாலும் சரி” என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் உச்சி குளிரும். எனக்கும் குளிர்ந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட்டேன்: போனவர்களில் ஒருவர் என் ஜில்லாக்காரர், சென்ற வருஷம் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஒரே பெட்டியில் வந்தோம், அவருடைய புத்தகம் ஒன்று இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. “இது தெரிந்த பிறகும் நான் வேண்டுமா?” என்று இருந்தவர்களைக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள், வேண்டும் என்றார்கள்.

விசாரணைக்கு முன் இன்னொரு காரியம் இருந்தது. ஏழு பேரும் தங்கள் நியாயத்தைப் பற்றியே பேசினார்கள். ஆனால் பன்னிரண்டு நாளாகச் சம்பளம் வராமல் எட்டாவது ஆள் ஒருவர் அவர்களுக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். அவர் வழக்கில் கட்சியும் இல்லை, சாட்சியும் இல்லை. யார் சொல்வது நியாயம் என்று தீரும் வரையில் அவர் வீட்டு அடுப்பு காத்திருக்குமா? “தலைக்கு ஆயிரம் ரூபாய் இப்போதே எடுத்து வையுங்கள். மகராஜ் சம்பளத்தை இன்றைக்கே கொடுத்துவிடுவோம். இது தீர்ப்பு அல்ல, முன்பணம். முடிவு வேறு விதமாக வந்தால் சாமான் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்” என்றேன். போனவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். அகமதாபாத்தின் இருபத்தேழரை சதவிகிதத்தின் அருமை அன்றுதான் எனக்கு விளங்கியது. நடுவர் நிதானமாக யோசிக்க வேண்டுமானால், யோசனை முடியும் வரையில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு கட்சியையும் தனியே கேட்டேன். சேர்த்து வைத்தும் கேட்டேன். இதற்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. இடையில் போனவர்கள் பக்கத்திலிருந்து ஒரு திருநெல்வேலி அல்வாப் பொட்டலம் என் அறைக்கு வந்தது. நல்ல மனத்தோடு வந்ததுதான். ஊரிலிருந்து வருகிறவர் எல்லாருக்கும் கொடுப்பதுதான். ஆனாலும் முடிவு சொல்லும் வரையில் அதைப் பிரிக்காமல் அந்த வீட்டுச் சமையலறை அலமாரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். நம் தமிழ்நாட்டில் ‘அல்வா கொடுத்தான்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இருந்தவர்களில் ஒருவரைத் தனியே கேட்டபோதுதான் வழக்கின் அடிப்பகுதி தெரிந்தது. அவர் ஊருக்குப் போகாதது ஆராய்ச்சி வேலைக்காக அல்ல. போக வர ரயில் கட்டணத்துக்குக் கையில் பணம் இல்லை. வீட்டில் பொங்கல் பானை பொங்கிய படத்தைப் போனவர்கள் கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். “அன்றைக்கு இங்கே உருளைக்கிழங்குப் பொரியல், அண்ணா” என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அடியில் இருந்தது இதுதான். இதை நான் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கணக்கில் சேர்க்க முடியாது. பொங்கலுக்கு வீடு போனது குற்றம் என்று எந்த நடுவரும் அபராதம் போட முடியாதே!

முடிவில் நான் செய்தது இது. செலவை மூன்றாகப் பிரித்தேன். வாடகையை ஏழு பேரும் சமமாகத் தர வேண்டும். பூட்டிய அறையில் அவரவர் பெட்டி இருந்தது. சாமான் செலவைச் சாப்பிட்ட நாள் கணக்கில் தர வேண்டும். ஏழு பேரும் சேர்ந்து 154 நாள் சாப்பிட்டிருக்கிறார்கள். நாளுக்கு 75 ரூபாய். மிஞ்சியது மகராஜ் சம்பளம். அதற்குப் போனவர்களை ஒரே கேள்விதான் கேட்டேன்: “நீங்கள் திரும்பி வந்த அன்று இரவு மகராஜ் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களா, இல்லையா?” ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயிலடியிலிருந்து போன் செய்து, ரசம் வைக்கச் சொன்னதே அவர்கள்தான். அப்படியானால் அவரை அந்த வீட்டில் வைத்துக்கொண்டது ஏழு பேருக்காகவும்தான். சம்பளமும் ஏழு பங்கு. ஆகப் போனவர்கள் தலைக்கு 3,750. இருந்தவர்கள் தலைக்கு 5,325. காரணங்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அறை நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “4,650க்கும் 2,750க்கும் நடு 3,700. நீ சொன்னது 3,750. இந்த ஐம்பது ரூபாய்க்கா மூன்று நாள்?” என்றார். நல்ல கேள்விதான். நான் சொன்ன பதில்: மூவாயிரத்து எழுநூறுக்குக் காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, மூவாயிரத்து எழுநூற்று ஐம்பதுக்கு இருக்கிறது. பாதியில் வந்து நின்ற எண் அடுத்த விடுமுறைக்கு உதவாது. காரணத்தோடு வந்த எண் எந்த விடுமுறைக்கும் உதவும். துருவருக்கு நியாயம் ஓரத்தில் கிடைத்தது. எனக்கு நடுவுக்குப் பக்கத்தில் கிடைத்தது. எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால், அது தேடல் ஆகாது.

எல்லாரும் மகிழ்ந்து அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார்கள் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். பிரித்தது உண்மைதான். ஆனால் என் ஜில்லாக்கார நண்பர் வெகு நாட்கள் வரை என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ‘ஊர்க்காரன் என்று நினைத்தேனே’ என்ற ஏக்கம் அந்த அசைவில் இருந்தது. இருந்தவர்களுக்கும் முழுத் திருப்தி இல்லை. பழைய வழக்கம் போய்விட்டதே என்ற குறை. நடுவருக்குக் கிடைக்கும் சம்பளம் இதுதான் போலும்! இருவருக்கும் கொஞ்சம் அந்நியமாகிவிடுவது. அதைப் பெற்றுக்கொள்ள மனமில்லாதவர் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. அந்தத் தாளை மட்டும் அவர்கள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டார்கள். ஹோலி விடுமுறைக்கு இரண்டு பேர் ஊர் போனார்கள். கணக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சி.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ளாமல், நடுவரால் முடியாததையும் சொல்ல வேண்டும். அவருக்குப் போலீஸ் இல்லை, சிறை இல்லை. சிறு விஷயங்களில் அவருக்குள்ள ஒரே பலம், இரு கட்சியும் விரும்பிக் கொடுத்த சம்மதம். பெரிய விஷயங்களிலும் இதுதான் நிலை. 1960இல் இந்தியாவும் பாகிஸ்தானும் உலக வங்கியின் முயற்சியால் செய்துகொண்ட சிந்து நதி ஒப்பந்தத்தில் ‘நடுநிலை நிபுணர்’ என்று ஒரு பதவியே உண்டு. செனாப் நதியின் பாக்லிஹார் அணையைப் பற்றித் தகராறு வந்தபோது ரேமண்ட் லாஃபிட் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் அந்தப் பதவிக்கு வந்தார். 2007 பிப்ரவரியில் அவர் முடிவு சொன்னார். அணையில் மதகுகள் வைத்த விதம் சரி என்றார். தேக்கும் நீரின் அளவைச் சற்றுக் குறைக்கச் சொன்னார். இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. இரண்டும் தாமே வென்றதாகவும் சொல்லிக்கொண்டன. நடுவருக்கு இதைவிடப் பாராட்டு வேண்டியதில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு ஒப்பந்தத்தையே நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. அதன் நியாயங்கள் வேறு விஷயம். கட்சிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் வரையில்தான் நடுவருக்கு நாற்காலி உண்டு என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

ஆகையால் நடுவரைத் தேட வேண்டிய நேரம் சண்டை மூண்ட பிறகு அல்ல. அப்போது ஒருவர் சொல்லும் பெயரை மற்றவர் சந்தேகிப்பார். அகமதாபாத்தார் இதைக் கற்றுக்கொண்டார்கள். 1920இல் ‘மஜூர் மகாஜன்’ என்ற தொழிலாளர் சங்கம் உருவான காலத்தில், வரப்போகும் தகராறுகளுக்கென்று முன்கூட்டியே ஒரு நிலையான மத்தியஸ்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். தொழிலாளர் பக்கம் காந்தியடிகள். முதலாளிகள் பக்கம் மங்கள்தாஸ் சேட். இருவரும் ஒத்துப் போகாவிட்டால் மூன்றாமவர் ஒருவர்.

நம் சங்கத்திலும் தகராறுகள் உண்டு. ஆண்டு விழாவில் நாடகமா பட்டிமன்றமா, சந்தாப் பணம் எதற்குச் செலவாயிற்று, தேர்தலில் யார் யாரைத் தூண்டினார்கள் என்றெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் எழுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இரண்டு நண்பர்கள் பேசாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து, தமிழ் பேச ஆள் கிடைக்காதா என்று ஏங்குகிற இடத்தில், இருக்கிற சில பேரில் இருவர் பேசாமல் போவதென்றால் அது சிறிய நஷ்டம் அல்ல. ஆகையால் ஒரு யோசனை சொல்கிறேன். இந்த ஆண்டு செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, தேர்தலில் நிற்காத மூவரை எல்லாரும் கூடி நடுவர்களாகத் தேர்ந்தெடுத்துவிடுவோம். ஒற்றைப்படையாக மூவர். தொடர்பு இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இரு கட்சியையும் கேட்க வேண்டும். காரணத்தை எழுதித் தர வேண்டும். இந்த மூன்று விதி போதும்.

அவர்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரு வேலையும் இல்லாமற் போகட்டும். அதைவிட நல்ல செய்தி அடுத்த இதழுக்கு வேறென்ன வேண்டும்?